பொழுதறி கதவு

கோழிக்கூட்டின் வாயிலில் நின்று, விடிந்தபின் தானே திறந்து, கோழிகள் யாவும் அடைந்தபின் தானே மூடிக்கொள்ளும் கதவைப் பொழுதறி கதவு என்போம். அதற்கு உறுப்புகள் ஐந்து: நகரும் பலகை, அப்பலகை வழுவாது செல்லும் காடி, அதனை நகர்த்தும் மின்னோடி, மின்னோடிக்கு ஆற்றல் ஊட்டும் மின்கலம், எப்பொழுது நகர்தல் வேண்டும் என்று முடிவு செய்யும் பொழுதுணரி. முதல் நான்கும் பிற பொறிகளிலும் உள்ளவை; ஐந்தாவதே இப்பொறிக்கு அதன் பெயரைத் தருவது. ஆகவே, கதவைத் தேர்வோர் பலகையின் பொலிவையும் விலையையும் பார்ப்பதற்கு முன் பொழுதுணரியைப் பார்த்தல் வேண்டும் என்பது என் துணிபு. கதவு பின்பற்றும் பொழுதும் கோழி பின்பற்றும் பொழுதும் ஒன்றாக இருந்தால் கருவி பயன் தரும். வேறாக இருந்தால், எவ்வளவு வலிய கதவாயினும் அது கோழியை வெளியே நிறுத்திவிட்டுத் தான் மூடிக்கொள்ளும்.

இப்பொறி கோழியைக் கூட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அந்த வேலையைக் கோழியே செய்கிறது. ஆட்டையும் மாட்டையும் ஓட்டிவந்து அடைக்க வேண்டும்; கோழியோ வெளிச்சம் தாழத் தொடங்கியதும் மேய்ச்சலை விட்டுக் கூட்டை நோக்கி நடந்து, அமர்கோலில் ஏறி அடைந்துவிடும். இதன் அடிப்படை அதன் கண்ணில் இருக்கிறது. மாந்தர் விழித்திரையில் மங்கல் ஒளிக்குரிய கோலணுக்கள், நிறம் அறியும் கூம்பணுக்களைக் காட்டிலும் ஏறத்தாழ இருபது மடங்கு மிகுதி. கோழியின் விழித்திரையிலோ கூம்பணுக்களே மிகுதி. நமக்கு நிறக்கூம்பு மூவகை, கோழிக்கு நால்வகை. பகலில் அது நாம் காணாத ஊதா விளிம்பையும் காணும். பகலில் பெற்ற இந்த வளத்துக்கு அது அந்தியில் விலை கொடுக்கிறது: நாம் இன்னும் வழி தெரிந்து நடக்கும் வேளையில் அது ஏறக்குறையக் குருடாகிவிடுகிறது. கண் மட்டுமன்று, மண்டையோட்டின் உள்ளேயும் பறவைகளுக்கு ஒளியுணர்வு உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் சாக்கு பெனுவா, கண்வழி வாராத ஒளியும் வாத்தின் மூளையை எட்டி இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டுவதை 1930-களில் காட்டினார். கோழியின் கூம்புச்சுரப்பியில் ஒளியை ஏற்கும் தனிப்புரதம் ஒன்று இருப்பதை 1994-இல் சப்பான் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே கூட்டில் ஒளியுணரிகள் இரண்டு. ஒன்று இறகு போர்த்தது; மற்றொன்று நாம் விலைக்கு வாங்குவது.

இறகு போர்த்த உணரி வெப்பநாட்டில் உருவாயிற்று. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழி. நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியும் அம்மரபில் ஒரு பங்கு செலுத்தியுள்ளது. பல வளர்ப்பினங்களின் மஞ்சள் தோல் அதன்வழி வந்தது என 2008-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டிற்று. இந்நிலங்களில் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமமாக நடப்பன. சென்னையில் நெடும்பகல் 13 மணிக்குச் சற்றுக் குறைவு, குறும்பகல் பதினொன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. ஞாயிறு மறையும் வேளை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளிக்குள் அடங்கிவிடும். வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் நாள்தோறும் ஒரே நேரத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்க்கலாம், பொறி தேவையில்லை.

அதே பறவை வடக்கே சென்றபோதுதான் கதவு ஒரு கணக்காயிற்று. இலண்டன் 51½ பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அங்கே திசம்பர் நடுவில் பிற்பகல் 3.51-க்கே ஞாயிறு மறைகிறது. சூன் இறுதியில் இரவு 9.21-க்குத்தான் மறைகிறது. பகலின் நீளம் 7 மணி 50 மணித்துளியிலிருந்து 16 மணி 38 மணித்துளி வரை விரிகிறது. பனிக்காலத்தில் கோழி அடையும்போது வளர்ப்போர் அலுவலகத்திலே இருப்பர். கோடையில் கோழி அடையும் முன் அவர்தம் பிள்ளைகள் உறங்கியிருப்பர். கோழியின் உடல் இந்த மாற்றத்தை வழுவின்றிப் பின்தொடர, மாந்தரின் வேலைநாள் பின்தொடர மறுக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பவே பிரித்தானியாவில் வீட்டுத் தோட்டத்தில் சில கோழிகளை வளர்ப்போர் இக்கதவை நாடுகின்றனர். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளும் அந்நாட்டினவே.

மூடாத கதவின் விலையைச் செந்நரி வாங்கிக்கொள்ளும். காட்டிலும் வயலிலும் மட்டுமன்றி, 1930-கள் முதல் அந்நாட்டு நகர்ப்புறத் தோட்டங்களிலும் அது குடியேறி வாழ்கிறது. கூட்டுக்குள் நுழைந்த நரி ஒரு கோழியோடு நிற்பதில்லை. எல்லாவற்றையும் கொன்று ஒன்றைத் தூக்கிச் செல்லும். ஆன்சு குரூக் என்னும் விலங்கியலார் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் இதனை மிகைக்கொலை என்னும் பொருள்பட வகுத்துரைத்தார்: காட்டில் ஓர் இரை வீழ்ந்தால் மற்றவை பறந்தோடும், வேட்டை அங்கே தானாக முடியும், ஓட முடியாத இரைகள் சூழ்ந்திருக்கும் இடத்தில் வேட்டையை முடித்துவைக்கும் தூண்டல் இல்லாமற் போகிறது. அவர் முதலில் கண்டது கோழிக்கூட்டை அன்று. இருண்ட இரவில் தரையில் அடைந்திருந்த கடற்காக்கைகளை நரிகள் கொன்று குவித்ததை. நரிக்கு அடுத்தது வளைக்கரடி. அது கதவை ஏமாற்றாது, உடைக்கும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காப்பு அளித்திருப்பதால் வளர்ப்போர் அதனைத் தொடவும் இயலாது, மரத்தையும் தகட்டையும் தடிப்பாக்குவதே வழி. மிங்கு என்னும் சிறு நீரோர ஊனுண்ணிக்குக் கைவிரல் இரண்டு நுழையும் சந்தே போதும். ஆகவே மூடிய பலகைக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடுக்கையும் அளந்து பார்த்தல் நன்று.

பொழுதுணரிகள் மூவகை: மணிவழி, ஒளிவழி, கணிப்புவழி.

மணிவழி உணரியின் உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் பளிங்குத் துண்டு ஒன்று இருக்கிறது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று என்னும் அதிர்வு கிடைக்கும். அதனை எண்ணி எண்ணியே கதவு நேரம் அறிகிறது. இதன் துல்லியத்தில் குறையில்லை. உறைகுளிரில் பளிங்கு சற்று மெதுவாக அதிர்ந்தாலும் நாளொன்றுக்கு நழுவுவது ஓரிரு நொடிகளே. குறை வேறிடத்தில் இருக்கிறது: அந்த எண்ணிக்கை ஞாயிற்றைப் பற்றி ஏதும் அறியாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் இலண்டனில் ஞாயிறு மறையும் வேளை நாளுக்கு ஏறத்தாழ 2 மணித்துளி நகர்கிறது. இரண்டு கிழமை மாற்றாமல் விட்டால் அரைமணி பிழை. இதற்குமேல், 1916 முதல் அந்நாட்டார் கோடைக்கு மணியை ஒரு மணி நேரம் முன்தள்ளி, இலையுதிர்வில் (இப்போது அக்டோபர் இறுதி ஞாயிற்றுக்கிழமையில்) பின்தள்ளி வருகின்றனர். மணியை மாற்றி, மூடும் வேளையை மாற்ற மறந்தால், கதவு அன்று மாலையே ஒரு மணி நேரம் தவறி மூடும். வேனிலில் தவறினால் கோழி வெளியே. இலையுதிர்வில் தவறினால் கதவு திறந்து கிடக்க நரி உள்ளே.

கணிப்புவழி உணரி மணிவழியின் மேம்பட்ட உடன்பிறப்பு. கூடு நிற்கும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, நாள் ஆகிய மூன்றையும் கொடுத்தால், ஞாயிறு தொடுவானைக் கடக்கும் வேளையை அதுவே கணித்துக்கொள்ளும். ஞாயிறு மறைந்தபின்பும் வெளிச்சம் உடனே அகல்வதில்லை என்பதால் அதற்கு மேல் எத்தனை மணித்துளி பொறுப்பது என்பதை நாம் வகுத்துத் தருகிறோம். ஞாயிறு தொடுவானுக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையுள்ள பொழுதை முதலந்தி எனலாம். அதன் முடிவில் வெளியே வேலை செய்ய விளக்கு வேண்டும். சென்னையில் ஞாயிறு செங்குத்தாக விழுவதால் முதலந்தி இருபது மணித்துளிகளை ஒட்டி முடிந்துவிடும். இலண்டனில் கோடையில் அது சாய்ந்து இறங்குவதால் முதலந்தி முக்கால்மணிக்கும் மேல் நீளும். ஆகவே, ஓர் ஊரில் சரியாக இருந்த பொறுப்புநேரத்தை மற்றோர் ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்லலாகாது.

ஒளிவழி உணரிதான் கோழிக்கு நெருங்கிய உறவு. ஒளிபட்டால் மின்தடை குறையும் பொருள்கள் உண்டு என்பது கடலடிச் செய்திக்கம்பிகளால் தெரியவந்தது. ஆங்கிலப் பொறியாளர் வில்லோபி சுமித்து அக்கம்பிகளை ஆய்வதற்குச் செலினியக் கோல்களைத் தடையாகப் பயன்படுத்தினார். அவற்றின் தடை ஒரு நிலையில் நில்லாமல் மாறிக்கொண்டிருந்தது. கோல்கள் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தால் தடை குறைகிறது, மூடினால் கூடுகிறது என்பது விளங்க, 1873-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். பின்னாளில் செலினியத்தின் இடத்தைக் கட்மியமும் கந்தகமும் சேர்ந்த சேர்மம் பெற்றது. கட்மியம் நச்சாதலால் 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்பொருள்களில் அதனைக் கட்டுப்படுத்த, சிலிக்கன் ஒளியுணரிகள் முன்வந்தன.

உணரி செய்ய வேண்டிய வேலையின் பரப்பு வியப்புக்குரியது. கோடை நண்பகல் வெயில் 1,00,000 இலக்சு (ஒளியளவின் அலகு) அளவினது. தெளிந்த வானில் ஞாயிறு மறையும் வேளை சில நூறு இலக்சு. முதலந்தியின் முடிவு மூன்று நான்கு இலக்சு. முழுநிலவு கால் இலக்சு அளவினதே. இப்பரப்பில் எங்கே கோடு போடுவது என்பதே வளர்ப்போர் செய்யும் அமைப்பு. கோடு ஒன்றே போதாது என்பது அடுத்த படி. மூடுவதற்கும் திறப்பதற்கும் ஒரே அளவை வைத்தால், அந்த அளவின் விளிம்பில் முகில் ஒன்று கடக்கக் கதவு மூடும், விலகத் திறக்கும், மீண்டும் மூடும். ஆகவே திறக்கும் அளவை உயர்த்தியும் மூடும் அளவைத் தாழ்த்தியும் வைத்து, இடைப்பட்ட பரப்பில் கதவு முன்னிருந்த நிலையிலேயே நிற்குமாறு செய்கின்றனர். இப்பண்புக்கு இயற்பியலில் தயக்கம் என்று பெயர். இதனை மின்சுற்றில் அமைத்துக் காட்டியவர் அமெரிக்கர் ஓட்டோ சிமித்து. 1934-இல், மாணவராக இருந்தபோது, கணவாயின் நரம்பில் துடிப்பு செல்லும் முறையை ஆராய்ந்தவர் அச்சுற்றை வகுத்தார். கணவாய் நரம்பும் கோழிக்கதவும் ஒரே நெறியில் வந்து சேர்வதைக் காணும்போது, இயற்கையின் ஒழுங்கு எவ்வளவு சிக்கனமானது என்பது புலனாகிறது. நல்ல கதவில் தயக்கத்தோடு காத்திருப்பும் உண்டு: ஒளி குறைந்த நிலையோ கூடிய நிலையோ சில மணித்துளிகள் நீடித்தாலன்றி அது அசையாது. வண்டி விளக்கும் மின்னலும் அதனை ஏமாற்ற முடியாமற் போவது அதனால்தான்.

மூன்றில் எது நன்று? மாலைக்கு ஒளி, காலைக்கு மணி என்பதே என் தேர்வு. மாலையில் கதவு கோழியோடு ஒத்துப்போக வேண்டும். கருமுகில் சூழ்ந்த நாளில் கோழி முன்னதாக அடையும், கதவும் முன்னதாக மூடும். காலையிலோ கோழியின் விருப்பத்துக்கு நாம் இணங்கத் தேவையில்லை. சூன் திங்களில் இலண்டனில் 4.43-க்கே ஞாயிறு எழுகிறது. ஒளிவழிக் கதவு அதற்கும் முன்பே திறந்துவிடும். தெருவில் ஆளரவமில்லாத அவ்வேளையில் குட்டிகளுக்கு இரை தேடும் நரி இன்னும் உலவிக்கொண்டிருக்கும். கோழிகள் ஏழு மணி வரை உள்ளே இருப்பதால் குறையேதுமில்லை, அக்கம்பக்கத்தாரின் உறக்கமும் கெடாது. காலைக்கும் மாலைக்கும் வெவ்வேறு வழி வகுக்க இடந்தராத கதவை வாங்குவதினும் சற்று மிகுதியாகச் செலவிடுவது மேல். தொலைபேசியால் திறக்கும் வசதியை நான் பெரிதாகக் கொள்ளேன். இணைப்பு அறுந்த இரவிலும் கதவு தன் முடிவைத் தானே எடுக்குமா என்ற ஒன்றை மட்டும் கேட்டறிதல் போதும்.

பலகை நகரும் வகையால் கதவுகளை மேலேறு கதவு, பக்கநகர் கதவு, கீற்கதவு எனப் பிரிக்கலாம். கீற்கதவு வெளியே விரியப் பனிக்கட்டியும் புல்லும் தடுக்கும் என்பதால் அருகியே காணப்படும். மேலேறு கதவில் மின்னோடி ஒரு கயிற்றைச் சுருளியில் சுற்றிப் பலகையை உயர்த்தும். இறங்கும்போது பலகை தன் எடையாலேயே இறங்கும். இதில் இரண்டு நன்மைகள் தாமே அமைகின்றன. முதலாவது, பலகைக்கு அடியில் ஒரு கோழி நின்றால் அதன்மேல் அழுந்துவது பலகையின் எடை மட்டுமே. 300 கிராம் அலுமினியத் தகடு ஒரு கோழியை நசுக்காது. திருகுதண்டால் தள்ளப்படும் கதவுக்கு அத்தகைய இயற்கை எல்லை இல்லை. தடை நேர்ந்தால் மின்னோட்டம் உயர்வதை அறிந்து பின்வாங்கும் தடையுணரி அதற்கு இன்றியமையாதது. இரண்டாவது நன்மை நுட்பமானது. மின்கலம் தளர்ந்துவிட்டால், மேலேறு கதவு காலையில் ஏற இயலாமல் மூடியே நிற்கும். உள்ளே நீரும் தீனியும் இருந்தால் கோழிக்கு ஒருநாள் சலிப்பன்றி வேறு கேடில்லை. திறக்கவும் மூடவும் ஒரே அளவு ஆற்றல் வேண்டும் கதவோ, காலையில் எஞ்சிய ஆற்றலைச் செலவிட்டுத் திறந்து, மாலையில் மூட வலுவின்றி நிற்கக்கூடும். பழுதுறும்போது எப்பக்கம் சாய்கிறது என்பதே ஒரு பொறியின் தரத்தை அறியும் உரைகல்.

தன் எடையால் இறங்கும் கதவுக்கு ஒரு குறையும் உண்டு: கீழே விரல் நுழைத்தால் தூக்கலாம். பிரித்தானிய நரிக்கு அத்தகைய கை இல்லை. வட அமெரிக்காவின் இரக்கூனுக்கு உண்டு. அங்குள்ளோர் அடிநிலையில் தானே பூட்டிக்கொள்ளும் கதவையோ, வெளியிலிருந்து தள்ளினால் சுழலாத திருகுதண்டையோ நாடுவது அதனால்தான்.

ஆற்றலின் கணக்கு பலரும் எண்ணுவதற்கு மாறானது. 300 கிராம் பலகையை 30 செ.மீ. உயர்த்த வேண்டிய ஆற்றல் ஒரு சூல் என்னும் ஆற்றல் அலகுக்கும் குறைவு. மின்னோடியிலும் பல்லிணைகளிலும் பத்தில் ஒன்பது பங்கு வீணாவதாகக் கொண்டாலும் நாளுக்கு 9 சூல். நொடிதோறும் ஒளியைப் பார்த்தபடி விழித்திருக்கும் மின்சுற்று 6 வோல்ட்டு அழுத்தத்தில் 0.1 மில்லி ஆம்பியர் மட்டுமே பருகினாலும் ஒருநாளைக்கு 52 சூல் ஆகிறது. தூக்குவதைக் காட்டிலும் காத்திருப்பதற்கே ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட செலவு! ஆதலால் வாங்கும்போது மின்னோடியின் வலுவைவிட ஓய்வுநிலை மின்னோட்டத்தைக் கேட்பதே அறிவு. விரலளவுக் காரமின்கலம் ஒன்று 10,000 சூல் அளவில் ஆற்றல் தாங்கும். நான்கு கலங்கள் கணக்குப்படி ஓராண்டைத் தாண்டும். உறைகுளிரில் அவற்றின் வேதிவினை மந்தமாகிக் கணக்கு சுருங்கும். அத்தகைய இடங்களில் குளிர்தாங்கும் இலித்தியக் கலங்கள் நன்று. ஞாயிற்றுப் பலகையை நம்புவோர், அது மிகக் குறைவாக ஈட்டும் திசம்பரிலேதான் கலம் மிக எளிதில் தளரும் என்பதை நினைவிற் கொள்க.

பொருத்துவதில் கருத்துக்குரியவை சில. வாயில் 30 செ.மீ. அகலமும் அதற்குச் சற்று மேற்பட்ட உயரமும் இருந்தால் இயல்பான இனங்களுக்குப் போதும். ஒளியுணரி மரநிழலில் இருந்தால் கதவு முந்தும். மேற்கு வெளிச்சத்தை நேரே நோக்கினால் பிந்தும். தெருவிளக்கின் அடியில் இருந்தால் மூடாமலே நிற்கவும் கூடும். கூட்டின் உள்காற்று கோழிகளின் மூச்சால் ஈரமானது. அவ்வீரம் காடியில் படிந்து உறைந்தால் பலகை ஒட்டிக்கொள்ளும். மசகிட்டால் தூசியும் வைக்கோலும் அப்பிக்கொள்ளுமாதலால், எழுதுகோற் கரியின் உலர்தூளே காடிக்கு ஏற்றது. கதவின் அடிநிலையைப் படுக்கையின் மட்டத்துக்கு ஒரு கையகலம் மேலே வைத்தால் கிளறிய வைக்கோல் அதனை அடைக்காது.

கதவு நிறுவிய முதற்சில நாள்கள் மாலையில் அருகிருந்து பார்த்தல் வேண்டும். ஒலி கேட்டுக் கோழி மருள்வது விரைவில் தீரும். தீராத சிக்கல் ஒன்றுண்டு. நார்வே நாட்டுத் தார்லீபு செல்தெரூப்பு-எப்பே 1920-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து வெளியிட்ட கொத்துவரிசை இவ்வாயிலிலும் ஆட்சி செய்கிறது: மேலிடத்துக் கோழி உள்ளே வாயிலருகே நின்று கொத்தினால், கடையிடத்துக் கோழி வெளியே தயங்கிக்கொண்டிருக்கும். அதனைக் காண்போர் மூடும் அளவை இன்னும் தாழ்த்தி அதற்குப் பொழுது தருதல் வேண்டும். கதவு மூடுவதற்கு முன் உள்ளே சிறு விளக்கொன்று சற்றுநேரம் எரிந்தால் பிந்தியவை வெளிச்சத்தை நோக்கி உள்ளே வரும். முட்டைக்காகப் பனிக்காலத்தில் பகலை 14 மணிக்கு நீட்டுவோர் அவ்விளக்கை விடியலுக்கு முன் ஏற்றுக. மாலையில் ஏற்றித் திடுமென அணைத்தால் கோழிகள் அமர்கோல் தெரியாமல் தரையில் நிற்கும்.

கதவை நிறுத்திவைக்க ஒரு வழியும் வேண்டும். பறவைக்காய்ச்சல் பரவியபோது இங்கிலாந்தில் 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை வளர்ப்புப் பறவைகள் யாவற்றையும் உள்ளேயே வைத்திருக்க அரசு கட்டளையிட்டது. அந்நாள்களில் விடிந்ததும் தானே திறக்கும் கதவு சட்டத்தை மீறும் கதவாகும். ஒரே அழுத்தில் மூடிய நிலையில் நிற்கச் செய்யும் விசைப்பொத்தான் இல்லாத கதவுக்கு மின்கலத்தைக் கழற்றுவதன்றி வேறு வழியில்லை.

எல்லாப் பறவைக்கும் இக்கதவு பொருந்தாது. கினிக்கோழி கூட்டை விட மரக்கிளையை விரும்பும். குஞ்சுப் பருவந்தொட்டுக் கூட்டிலேயே அடைத்துப் பழக்காவிடில் மாலையில் மேலே ஏறிவிடும். வாத்தின் கண் மங்கல் ஒளியிலும் தொழிற்படும். இருள் அதனை வீட்டுக்குத் துரத்துவதில்லை, நிலவொளியிலும் அது குட்டையில் இரை தேடும். நாள்தோறும் ஒரே வேளையில் கூட்டுக்குள் தீனி வைத்து அழைத்துப் பழக்கினால் சில வாத்துகள் வந்து சேரும். அவற்றுக்கு ஒளிவழிக் கதவால் பயனில்லை. தீனி வைக்கும் நேரத்துக்கு அரைமணி கழித்து மூடுமாறு மணிவழிக் கதவை வைத்து, மூடுவதற்கு முன் ஒருவர் சென்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.